போதையில் வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவருக்குக் கட்டாயச் சிகிச்சை: பலன் உண்டா, அங்கே என்ன நடக்கும்?

ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வி இது: போதையில் கார் ஓட்டியதற்காக என் அண்ணனுக்கு இரண்டாவது முறையாகத் தண்டனை கிடைத்திருக்கிறது. லைசன்ஸை முடக்கியதோடு, ஒரு மையத்துக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டு, அவர்கள் சொல்லும் சிகிச்சையை முடித்துவிட்டு வரவும் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அண்ணனோ, “நான் ஒன்றும் குடிகாரன் இல்லை, அன்றைக்கு மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்” என்கிறார். மனமில்லாத ஆளைக் கட்டாயப்படுத்தி அனுப்பினால் பலன் இருக்குமா? அங்கே என்னதான் செய்வார்கள்? வீட்டில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது?

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பலன் உண்டு. எவ்வளவு என்பது, என்ன சிகிச்சை, எத்தனை நாள், யாருக்கு என்பதைப் பொறுத்தது. 1995-இல் வெல்ஸ்-பார்க்கர் என்ற ஆய்வாளரின் குழு, போதையில் ஓட்டித் தண்டனை பெற்றவர்களுக்கான திட்டங்களைப் பற்றிய 215 மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்து அலசியது. எதுவும் தரப்படாமல் விடப்பட்டவர்களோடு ஒப்பிட்டால், சிகிச்சையோ வகுப்போ பெற்றவர்கள் மறுபடி இதே குற்றத்தில் சிக்குவது 7 முதல் 9 சதவீதம் குறைந்திருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்தச் சராசரிக்குள் நல்ல திட்டமும் பெயருக்கு நடந்த திட்டமும் கலந்துதான் கிடக்கின்றன. வகுப்பு, கவுன்சலிங், அதன்பின் நீண்ட நாள் கண்காணிப்பு என மூன்றையும் சேர்த்துத் தந்தவை, ஏதாவது ஒன்றை மட்டும் தந்தவற்றைவிட நன்றாக வேலை செய்தன. அதனால் உங்கள் அண்ணன் எந்த வகைக்குள் போகிறார் என்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும்.

கட்டாயத்தைப் பற்றி நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. நீதிமன்றம் அனுப்பி வந்தவர்களையும் தானாக வந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், அனுப்பப்பட்டவர்களின் நிலை பொதுவாக மோசமாக இருந்ததில்லை. பாதியில் விட்டால் ஜெயில் என்ற பயம் இருப்பதால் அவர்கள் கூடுதல் நாள் தங்கவும் செய்கிறார்கள், தங்கும் நாள்தான் இதில் பெரிய விஷயம். தானாக வருகிறார் என்று நாம் சொல்கிறவர்களையும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். ஒருவரை மனைவி துரத்தியிருப்பார், இன்னொருவரை முதலாளி எச்சரித்திருப்பார், மூன்றாமவரைக் கல்லீரல் பயமுறுத்தியிருக்கும். எந்த நெருக்கடியும் இல்லாமல் ஒரு நல்ல காலையில் எழுந்து சிகிச்சைக்கு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, “நான் குடிகாரன் இல்லை” என்கிறாரே, அது உண்மையாக இருக்கலாமா? இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் முதல் கட்டப் பரிசோதனை. அதற்கு முன்பே உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரு துப்பு இருக்கிறது: பிடிபட்ட அன்று கருவியில் வந்த எண். பல நாடுகளில் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 80. எப்போதாவது குடிக்கும் ஒருவருக்கு 150 மில்லிகிராம் ஏறினால் நாக்கு குழறும், நடை தடுமாறும், பலர் வாந்தி எடுத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். அதே அளவில் ஒருவர் நிதானமாகச் சாவியைப் போட்டு வண்டியை எடுத்து, போலீஸ்காரரிடம் கோவையாகப் பேசவும் செய்தார் என்றால், அவர் உடம்பு ஆல்கஹாலுக்கு நன்றாகப் பழகிவிட்டது என்று அர்த்தம். இதைக் கெட்டிக்காரத்தனமாக நினைத்துப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. டாக்டருக்கு அது நோய்க்குறி. ஜெர்மனியில் ரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 பங்கு, அதாவது நம் கணக்கில் 160 மில்லிகிராம் தாண்டிப் பிடிபட்டால், முதல் முறையாக இருந்தாலும் மருத்துவ-உளவியல் பரிசோதனையில் தேறாமல் லைசன்ஸ் திரும்பக் கிடைக்காது. பிரிட்டனில் 200 மில்லிகிராமைத் தொட்டவர்களும், பத்து வருடத்துக்குள் இரண்டு முறை சிக்கியவர்களும் அதிக ஆபத்துள்ளவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். தடைக்காலம் முடிந்தாலும் டாக்டர் பரிசோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் அண்ணன் அங்கே இருந்திருந்தால் அவரும் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும்.

இன்னொரு வகையினரும் உண்டு. மறுநாள் காலை பிடிபடுகிறவர்கள். ஈரல் ஆல்கஹாலை அதன் வேகத்தில்தான் கரைக்கும். 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும். காபி, குளியல், எலுமிச்சைச் சாறு எதுவும் அதை விரட்டாது. நள்ளிரவில் 180 இருந்தவருக்குக் காலை ஏழு மணிக்கும் ஏறக்குறைய 75 இருக்கும். தூங்கி எழுந்துவிட்டேன், தெளிந்துவிட்டேன் என்று உண்மையாகவே நம்பி வண்டியை எடுத்திருப்பார். இப்படிப்பட்ட சிலருக்கு ஒரு நல்ல வகுப்பே போதும்.

இரண்டாவது முறை சிக்கியவர் விஷயத்தில் அப்படி நம்புவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. நியூ மெக்சிகோ மாநிலத்தில் போதையில் ஓட்டித் தண்டனை பெற்றவர்களிடம் நடத்தி 2001-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வில், ஆண்களில் 91 சதவீதம் பேருக்கும் பெண்களில் 85 சதவீதம் பேருக்கும் வாழ்க்கையில் எப்போதாவது மதுப் பயன்பாட்டுக் கோளாறு இருந்திருக்கிறது. அப்படி இருந்தவர்களில் பெண்களில் பாதிப் பேருக்கும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கும் கூடவே வேறொரு மனநலப் பிரச்சினையும் இருந்தது. பெரும்பாலும் மனச்சோர்வு, இல்லையென்றால் ஏதோ ஒரு பழைய அதிர்ச்சியின் பாதிப்பு. இந்த இரண்டாவது தகவலை நான் முதலாவதைவிட முக்கியமாக நினைக்கிறேன். தூக்கம் வராமல், கெட்ட கனவுக்குப் பயந்து குடிக்கிறவரை உட்காரவைத்து விபத்துப் படங்களைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

பரிசோதனை என்பது பெரும்பாலும் ஒரு நீண்ட பேட்டி. கூடவே கேள்வித்தாள் தருவார்கள். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்வித் தாள் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண், 8-ஐத் தொட்டாலே மேலே விசாரிக்க வேண்டும் என்று கணக்கு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டில் 11 அளவுகோல்கள் இருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் இரண்டோ மூன்றோ பொருந்தினால் லேசான கோளாறு, நான்கைந்து பொருந்தினால் நடுத்தரம், ஆறு அல்லது மேலே போனால் தீவிரம். முந்தைய பதிப்பில் சட்டச் சிக்கலில் அடிக்கடி மாட்டுவதும் ஒரு அளவுகோலாக இருந்தது. புதியதில் அதை எடுத்துவிட்டு, குடிக்க வேண்டும் என்ற அடங்காத ஏக்கத்தைச் சேர்த்தார்கள். ஆபத்தான சூழ்நிலையில் திரும்பத் திரும்பக் குடிப்பது என்ற அளவுகோல் மட்டும் தொடர்கிறது. ஆகவே இரண்டு வழக்கு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து யாரையும் குடிநோயாளி என்று முத்திரை குத்த முடியாது. உங்கள் அண்ணனுக்குச் சாதகமாக இருக்கும் இந்த விஷயத்தையும் அவரிடம் சொல்லுங்கள்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நீதிமன்றம் அனுப்பிய ஆள் உண்மையைச் சொல்வாரா? எவ்வளவு குடிப்பேன் என்று ஒப்புக்கொள்கிறாரோ அவ்வளவு நீளும் சிகிச்சை. குறைத்துத்தான் சொல்வார், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். அதனால் விவரம் தெரிந்த மையங்கள் கேள்வித்தாளை மட்டும் நம்பாது. பிடிபட்ட அன்றைய அளவு, பழைய வழக்குகள், வீட்டாரின் பேச்சு, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். பெத் என்ற ரத்தப் பரிசோதனை, கடந்த இரண்டு முதல் நான்கு வாரக் குடியைக் காட்டும். சி.டி.டி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை தொடர்ந்து அதிகமாகக் குடித்தவர்களைக் காட்டிக்கொடுக்கும். வீட்டாரைப் பேச அழைத்தால் தயங்காமல் போங்கள். அண்ணனைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குறைத்துச் சொல்லாதீர்கள், கோபத்தில் கூட்டியும் சொல்லாதீர்கள். இன்னொன்றையும் விசாரியுங்கள்: பரிசோதிக்கிறவரும் சிகிச்சையைக் கட்டணத்துக்குத் தருகிறவரும் ஒருவர்தானா? ஒருவராக இருப்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேவைக்கு மேல் எழுதிவிடும் ஆசை அங்கே இருக்கும், இரண்டாவது கருத்து கேட்பதில் தப்பில்லை.

பரிசோதனை முடிந்ததும் எவ்வளவு சிகிச்சை என்று முடிவு செய்வார்கள். லேசான நிலையில் உள்ளவருக்கு வகுப்பும் சில கவுன்சலிங் அமர்வுகளும். அதற்கு மேல் வாரம் ஒருமுறை வந்துபோகும் சிகிச்சை. அதற்கும் மேல் வாரத்துக்கு ஒன்பது மணி நேரமோ கூடுதலாகவோ வந்துபோகும் தீவிரச் சிகிச்சை. கடைசியாக உள்ளேயே தங்குவது. தங்கிப் பெறுவதுதான் உசத்தி என்ற எண்ணம் குடும்பங்களில் பரவலாக இருக்கிறது. ஆளைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் வீட்டுக்கும் கொஞ்சம் நிம்மதி, அது எனக்குப் புரிகிறது. ஆனால் உடல்நிலை மோசமில்லாத, வேலையும் வீடும் கையில் இருக்கிற ஒருவருக்கு வந்துபோகும் சிகிச்சையே பெரும்பாலும் பொருத்தம், ஏனென்றால் அவர் குடிக்காமல் வாழப் பழக வேண்டிய இடம் அவர் வீடும் தெருவும்தான். லேசான நிலையில் உள்ளவரைத் தீவிர நோயாளிகளோடு கலந்துவிட்டால் கெட்டுப்போகும் வாய்ப்பும் இருக்கிறது.

திரும்பத் திரும்பச் சிக்குகிறவர்களுக்கென்று அமெரிக்காவில் தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. 1995-இல் நியூ மெக்சிகோவின் டோனா ஆனா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) தொடங்கியது முதலாவது என்று சொல்கிறார்கள். நீதிபதி, கண்காணிப்பு அதிகாரி, சிகிச்சை தருகிறவர், வக்கீல் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு ஆளின் முன்னேற்றத்தைப் பார்ப்பார்கள். குறைந்தது ஒரு வருடம் நடக்கும். தொடக்கத்தில் அடிக்கடி ஆஜராக வேண்டும், போகப்போக இடைவெளி கூடும். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வந்து தங்கள் இழப்பைச் சொல்லும் கூட்டங்களையும் பல ஊர்களில் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். கேட்கிறவர் கண் கலங்கத்தான் செய்யும். ஆனால் அது மட்டுமே மறுபடி ஓட்டுவதைத் தடுக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

இனி எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்று. உங்கள் அண்ணன் தினமும் குடிக்கிறவராக, காலையில் கை நடுங்குகிறவராக இருந்தால், சிகிச்சை நாள் நெருங்குகிறது என்று வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தவைக்காதீர்கள். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு முதல் இரண்டு நாளுக்குள் வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி கலங்கும். இல்லாத பூச்சி கண்ணுக்குத் தெரியும், இல்லாத குரல் காதில் விழும். இந்தக் கட்டத்தில் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். டாக்டரின் மேற்பார்வையில் மருந்தும் தயாமின் சத்தும் கொடுத்துச் செய்தால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். டீடாக்ஸ் என்று சொல்வது இதைத்தான். இது முடிந்து வந்தவுடன் “குணமாகிவிட்டது” என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். உடம்பிலிருந்து ஆல்கஹால் வெளியேறியிருக்கிறது, சிகிச்சை இனிமேல்தான் தொடங்கும்.

கவுன்சலிங் அறைக்குள் என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். “ஒத்துக்கொள், நீ குடிகாரன்தானே” என்று அதட்டி உடைப்பார்கள் என்று நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். ஒருகாலத்தில் அப்படியும் நடந்தது. 1993-இல் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், கவுன்சலர் எவ்வளவுக்கு எவ்வளவு மோதினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்த ஆள் ஒரு வருடம் கழித்து அதிகம் குடித்துக்கொண்டிருந்தார். மில்லர் 1983-இல் தொடங்கிவைத்த ஊக்குவிப்பு நேர்காணல் முறையைத்தான் இப்போது பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் கவுன்சலர் வாதாடுவதில்லை. “குடியால் உங்களுக்குக் கிடைப்பது என்ன, போவது என்ன?” என்று கேட்டுவிட்டுக் காதைக் கொடுப்பார். “நான் குடிகாரன் இல்லை” என்றால், “சரி, அந்தப் பெயர் உங்களுக்குப் பிடிக்கவில்லை. லைசன்ஸ் இல்லாமல் ஆறு மாதம் எப்படிப் போகிறது?” என்று அடுத்த கேள்விக்குப் போவார். கட்டாயத்தில் வந்தவரிடம் இந்த முறை நன்றாக எடுபடுகிறது. அவர் சண்டைக்குத் தயாராக வந்திருப்பார், இங்கே எதிராளி இருக்கமாட்டார்.

அதற்குப் பிறகு வருவதுதான் இந்தக் குற்றத்துக்கென்றே உள்ள வேலை. பிடிபட்ட அந்த மாலையை மணிக்கணக்கில் பிரித்துப் பார்ப்பது. எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினீர்கள்? வண்டியை ஏன் எடுத்துப் போனீர்கள்? திரும்பி வரும்போது யார் ஓட்டுவார்கள் என்று நினைத்தீர்கள்? முதல் கிளாஸ் எப்போது, போதும் என்று முதலில் தோன்றியது எப்போது? இப்படிப் போனால் கிட்டத்தட்ட எல்லோர் கதையிலும் ஒரே இடம் வெளியே வரும். ஓட்டுவதா வேண்டாமா என்ற முடிவைப் போதை ஏறின பிறகு எடுத்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் குடிக்கப்போகும் இடத்துக்குச் சாவியோடு கிளம்பியபோதே அது பாதி முடிவாகிவிட்டது. ஆல்கஹால் முதலில் மந்தமாக்குவது நம் நிதானத்தைத்தான், தன்னால் ஓட்ட முடியுமா என்று எடைபோடுவதும் அந்த நிதானம்தான். ஆகவே “கொஞ்சம் அதிகமாகிவிட்டால் ஓட்டமாட்டேன்” என்ற உறுதிமொழிக்கு எந்த மதிப்பும் இல்லை. குடிக்கும் நாளில் வண்டி வீட்டில் இருக்கும், திரும்பும் வழி முன்பே ஏற்பாடாகியிருக்கும் என்பது மாதிரியான, தெளிவாக இருக்கும்போதே எடுத்த முடிவுதான் நிற்கும். குடிநோய் இல்லாதவருக்கு இந்த ஒன்றைப் பழக்கமாக்குவதே சிகிச்சையின் பெரும்பகுதி. குடிநோய் முற்றியவருக்கு இது போதாது. அவரால் குடிக்கும் நாளைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதானே நோயே. அவருக்கு முழுமையாக நிறுத்துவதுதான் பத்திரமான இலக்கு.

பல வருடம் குடித்தவர்களுக்கு ஞாபகமும் திட்டமிடும் திறனும் மங்கியிருக்கும். வரவேண்டிய தேதியை மறப்பது, படிவத்தைத் தொலைப்பது, சொன்னதையே மறுபடி கேட்பது எல்லாம் திமிர் மாதிரி தெரியும். கண்காணிப்பு அதிகாரி அப்படித்தான் எழுதிவைப்பார். வீட்டில் ஒருவர் தேதிகளை நாட்காட்டியில் குறித்து நினைவுபடுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்பது குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் குழு. அதன் கூட்டங்கள் 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியவை, இன்று ஏறக்குறைய எல்லா நாட்டிலும் இலவசமாக நடக்கின்றன. தொடர்ந்து போகிறவர்களுக்கு நல்ல துணை. கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரிகவரி போன்ற வேறு குழுக்கள் இருக்கின்றன. கையெழுத்து வாங்கிக்கொண்டு பின்வரிசையில் தூங்கிவிட்டு வருவதால் யாருக்கும் லாபமில்லை, அதைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

மருந்தைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம், ஆகவே நீங்களே கேளுங்கள். நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் சுகத்தை மங்கவைத்து ஏக்கத்தைக் குறைக்கும். 1994-இல் அமெரிக்காவில் மதுநோய்க்கு அனுமதி பெற்றது. அக்காம்ப்ரோசேட், நிறுத்தியவர் நிறுத்திய நிலையிலேயே இருக்க உதவும், அங்கே அனுமதி கிடைத்தது 2004-இல். டைசல்பிராம் எல்லாவற்றுக்கும் மூத்தது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டி ஆளைப் படுத்திவிடும். அந்தப் பயமே காவல். இதைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். தெரியாமல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் தாறுமாறாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அப்புறம் அவர் உங்கள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா?

உங்கள் கேள்வி மதுவைப் பற்றியது என்றாலும் மற்ற போதைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கஞ்சாவுக்கு ரத்த அளவை வைத்து ஓட்டும் திறனைக் கணிப்பது மதுவில் மாதிரி நேராக வருவதில்லை. தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் டாக்டர் எழுதியதாக இருந்தாலும் ஓட்டும் திறனைக் கெடுக்கலாம், மதுவோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஹெராயின் வகைப் போதைக்கு மெத்தடோன், புப்ரினார்பின் என்ற மருந்துகளைத் தொடர்ந்து தருவதுதான் நிரூபணமான சிகிச்சை. “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை” என்று சொல்லி அதிகாரிகள் சிலர் அதை நிறுத்தவைக்கிறார்கள். அது ஆபத்து. நிறுத்திய சில நாளிலேயே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும், பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடும்.

இனி வண்டி. சிகிச்சைக்குப் போவதால் லைசன்ஸ் தடையை நீக்கிவிடலாம் என்று பேரம் பேசும் வழக்கம் சில இடங்களில் உண்டு, வக்கீல்களும் கேட்பார்கள். இது நல்ல வியாபாரம் இல்லை. சிகிச்சை பலன் தர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை தெருவில் இருப்பவர்களைக் காப்பது லைசன்ஸ் தடையும் கருவிகளும்தான். ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும் இண்டர்லாக் கருவி வண்டியில் இருக்கும்வரை நன்றாகத் தடுக்கிறது. கழற்றியதும் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். இங்கேதான் ஃபுளோரிடா மாநில அனுபவம் சுவாரசியமானது. கருவியில் குடித்துவிட்டு ஊதி மூன்று முறை பிடிபட்டவர்களை அங்கே சிகிச்சைக்கு அனுப்பினார்கள். 2016-இல் வெளியான ஆய்வின்படி, கருவியைக் கழற்றிய பிறகும் அவர்கள் மறுபடி சிக்குவது, அவர்களைப் போன்ற சிகிச்சை பெறாதவர்களைவிட 32 சதவீதம் குறைவு. கருவியையும் சிகிச்சையையும் இணைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் எனக்குத் தெரியவில்லை.

தெற்கு டகோட்டா மாநிலம் 2005-இல் வேறு வழியில் போனது. தினமும் காலையும் மாலையும் வந்து ஊத வேண்டும். குடித்தது தெரிந்தால் அந்த இடத்திலேயே பிடித்து ஓரிரு நாள் உள்ளே வைப்பார்கள். பெரிய தண்டனை இல்லை, ஆனால் தப்பவே முடியாது. 2013-இல் வந்த ஆய்வில், அந்தத் திட்டம் நடந்த கவுண்டிகளில் மறுபடி போதையில் ஓட்டிக் கைதாவது 12 சதவீதமும், வீட்டு வன்முறைக் கைதுகள் 9 சதவீதமும் குறைந்திருந்தன. 

உங்கள் அண்ணனுக்கும் ஏதாவது பரிசோதனை இருக்கும். சிறுநீரில் ஈ.டி.ஜி. (ஆல்கஹாலிலிருந்து உடம்பில் உண்டாகும் ஒரு பொருள்) பார்ப்பார்கள் என்றால், அது இரண்டு மூன்று நாளுக்கு முந்தைய குடியையும் காட்டும். கை கழுவும் சானிடைசர், வாய் கொப்பளிக்கும் திரவம், சில இருமல் மருந்துகள் இவற்றில் உள்ள ஆல்கஹாலும் சில சமயம் அதில் தெரிந்துவிடும். முதல் நாளே இவற்றை வீட்டிலிருந்து மாற்றிவிடுங்கள்.

இடையில் ஒருநாள் குடித்துவிட்டால்? பலர் குடிப்பார்கள், அதை எதிர்பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். ஒளிப்பதுதான் அதைவிடப் பெரிய கேடு. பரிசோதனையில் சிக்குவதற்கு முன் தானே கவுன்சலரிடம் சொன்னவரை நல்ல திட்டங்கள் வேறு மாதிரி நடத்துகின்றன. சிகிச்சையின் அளவைக் கூட்டுவார்கள், மருந்தை மாற்றிப் பார்ப்பார்கள். குடித்துவிட்டு வண்டியை எடுத்தார் என்றால் அது வேறு கணக்கு, அங்கே தளர்வு காட்டக்கூடாது. எதை யாரிடம் சொன்னால் யாருக்குப் போகும் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். வருகையும் பரிசோதனை முடிவும் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகும். அறைக்குள் பேசியது போகுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் இருக்கும், அதைப் படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் என்ன செய்வது என்று கேட்டீர்கள். “நீ குடிகாரன்தான்” என்று நிரூபிக்கும் வேலையை விட்டுவிடுங்கள், அது கவுன்சலருக்கே பலிக்காத வேலை. சாவி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தடைக்காலத்தில் உங்கள் வண்டியை ஒரு தெருத் தூரத்துக்குக்கூடத் தராதீர்கள், வரவும் போகவும் நீங்களோ வேறு யாராவதோ கொண்டுபோய் விட ஏற்பாடு செய்யுங்கள். வண்டி இல்லை என்ற காரணத்தாலேயே சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் ஏராளம். மையத்தைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை இருந்தால் இவற்றைக் கேளுங்கள்: மருந்து எழுத டாக்டர் இருக்கிறாரா? மனச்சோர்வையும் சேர்த்துப் பார்ப்பார்களா? குறைந்தது மூன்று மாதம் நடக்குமா? மூன்று மாதத்துக்குக் குறைந்த சிகிச்சையில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. சான்றிதழ் கொடுத்த பிறகும் மாதம் ஒருமுறையாவது கூப்பிட்டுப் பேசுவார்களா? கடைசிக் கேள்விக்கு “அது எதற்கு, அதுதான் முடித்துவிட்டாரே” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.